அறுபத்தொரு விளக்கங்கள்

ஆபீசுக்குத் தாமதமாக வருவதில் கிட்டு பெரிய பேர் வாங்கியவர் இல்லை. அந்த ஆபீசில் ஒருவரைத் தவிர எல்லோருமே ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தாமதம்தான். கிட்டு பேர் வாங்கியது, தாமதத்துக்கு விளக்கம் எழுதுவதில்.

கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருந்த தென்மண்டலக் கிடங்குக் கழகத்தில் விதி சுலபமானது. பத்து மணிக்குள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நிமிடம் சலுகை. அதற்கு மேல் போனால் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு குறி. ஊழியர் விளக்கம் எழுதித் தர வேண்டும். சூப்பரின்டென்டென்ட் அதை ஏற்றுக்கொண்டால் குறி போயிற்று. நிராகரித்தால், மூன்று குறிக்கு ஒரு நாள் விடுப்பு போயிற்று.

"ஐயா, இன்று காலை பழவந்தாங்கல் அருகே தண்டவாளத்தின் குறுக்கே ஓர் எருமை படுத்திருந்தது. எருமை தானாக எழுந்துவிடும் என்று ஓட்டுநரும், ஓட்டுநர் இறங்கி வந்து கேட்பார் என்று எருமையும் காத்திருந்ததில் பதினெட்டு நிமிடங்கள் கழிந்தன." இது கிட்டு எழுதிய விளக்கங்களில் ஒன்று. டைப்பிஸ்டுகள் இதைக் கார்பன் காப்பி எடுத்து வைத்திருந்தார்கள். மற்ற பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் வந்து, ஒரு போண்டாவும் காப்பியும் வாங்கிக் கொடுத்துத் தங்களுக்கு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

சூப்பரின்டென்டென்ட் யக்ஞநாராயணன் இளகிய மனசுக்காரர். கிட்டுவின் விளக்கத்தைக் காப்பி குடித்துக்கொண்டே படிப்பார், சிரிப்பார், ஓரத்தில் "பேசவும்" என்று எழுதுவார், கோப்பில் வைப்பார். பிறகு பேசவே மாட்டார். இப்படி எட்டு வருடம் போயிற்று.

1989 பிப்ரவரி கடைசி நாளில் யக்ஞநாராயணன் ஓய்வு பெற்றார். சந்தன மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இரும்பு பீரோவின் சாவியைக் கிட்டுவின் உள்ளங்கையில் வைத்தார்.

"சீனியாரிட்டி லிஸ்ட்ல அடுத்தது நீதான்டா. இனிமே இந்த பீரோ உன்னோடது. உள்ளே இருக்கற அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்தரும் உன்னோடது."

இருபத்தோரு வருடமாகப் பிறர் எழுதியதை நகல் எடுத்துக்கொண்டிருந்த கிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

மறுநாள் நிர்வாக அதிகாரி காந்திமதி அவரைக் கூப்பிட்டார். மூன்று மாதம் முன்பு திருச்சியிலிருந்து மாற்றலில் வந்தவர். குரலை உயர்த்தாதவர். அதனாலேயே எல்லோரும் பயந்தார்கள்.

"உட்காருங்க கிருஷ்ணசாமி சார். சீனியாரிட்டி உங்களுக்கு இந்த நாற்காலியை ஒரு மாசத்துக்குத்தான் கொடுத்திருக்கு. மார்ச் முப்பத்தொண்ணு அன்னிக்கு நான் ரிப்போர்ட் எழுதணும். அதுவரைக்கும் உங்க பேருக்கு நேரே ஒரு சிவப்புக் குறி விழுந்தா, பட்டாபிராமன் பேரை எழுதுவேன். வெளிப்படையாச் சொல்லிடறேன்."

"நியாயம்தான் மேடம்."

பட்டாபிராமன் தாம்பரத்துக்கு அப்பால் ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறவர். பத்தொன்பது வருடமாக ஒன்பதரைக்கு நாற்காலியில் இருப்பவர். வீட்டில் மாமியாரும் மனைவியும் ஏழு மணிக்கே பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் ஆறரைக்கே கிளம்பிவிடுகிறார் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், சிவப்புக் குறி என்ற ஒன்றை அவர் பெயர் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு," என்றார் காந்திமதி. "தாமத விளக்கக் கோப்பு ஒண்ணு முடிவெடுக்காமக் கிடக்கு. ஒரு வாரத்துல எல்லாத்துக்கும் முடிவு எழுதுங்க. ஏற்கலாம், இல்லைன்னா ஏற்க இயலாது. பேசவும்னு எழுதக் கூடாது."

கிட்டு பீரோவைத் திறந்து கோப்பை எடுத்தார். மொத்தம் எழுபது விளக்கங்கள். அதில் ஒன்பது மற்றவர்களுடையவை. அறுபத்தொன்று அவருடையவை.

திரும்பி அதிகாரி அறைக்கே போனார். "மேடம், இதுல முக்கால்வாசி என்னோடது."

"தெரியும். ஆனா சூப்பரின்டென்டென்ட் நீங்கதானே?" காந்திமதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு வேண்டியவர்ங்கறதுக்காகச் சலுகை காட்டிடாதீங்க."

*

சேலையூரில், கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, கிட்டுவின் வீடு. மனைவி லோகநாயகி சானடோரியம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எட்டே முக்காலுக்கு முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் இருப்பாள். இருபது வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. கணவனின் தாமதம் அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.

அன்று மாலை கோப்பை விரித்து வைத்துக்கொண்டு கிட்டு உட்கார்ந்தார். லோகநாயகி வெண்டைக்காயும் அரிவாள்மணையுமாக எதிரே உட்கார்ந்தாள்.

"படியுங்கோ கேப்போம்."

"'பன்னிரண்டு ஆகஸ்ட் எண்பத்தாறு. அத்தையின் மறைவு காரணமாக...'"

"எந்த அத்தை?"

"கும்பகோணம் அத்தை."

"அவா போன தீபாவளிக்கு முறுக்கு கொண்டு வந்தாளே."

கிட்டு அந்தத் தாளைத் தனியே வைத்தார். அடுத்தது, மூன்றாவது, நான்காவது. பத்தாவது தாளில் ஒரு சங்கடம் புரிந்தது. எழுதியது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் உண்மை என்ன என்று தெரியவில்லை. அன்றைக்கெல்லாம் அவர் ஏன் தாமதமானார்? ஒன்றுமே ஞாபகம் இல்லை.

"ஏன் லேட்டானேன்னு தெரியாம எப்படி முடிவு எழுதறது லோகா?"

"தினமும் எட்டு மணிக்கு வாசல் கேட்டைத் தாண்டறேள். அது எனக்குத் தெரியும், நானும் அப்போதான் கிளம்பறேன். சைக்கிள்ல ஸ்டேஷன் எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டு நிமிஷம்."

"அப்போ எட்டே காலுக்கு ஸ்டேஷன்ல இருக்கணும். எட்டரை வண்டியைப் பிடிச்சா ஒன்பதே முக்காலுக்கு ஆபீஸ்ல காப்பி குடிக்கலாம். நடுவுல நீங்க எங்க போறேள்னு எனக்கும் தெரியாது." அவள் வெண்டைக்காயின் காம்பை நறுக்கினாள். "சின்ன வீடு இருக்கும்னு நினைக்கவும் முடியலை. அதுக்கு நேரத்துக்குப் போகணும்."

*

மறுநாள் காலை தாம்பரம் ஸ்டேஷன் கிழக்குப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் கிட்டு நுழைந்தார். மணி எட்டு நாற்பத்து நான்கு. ஸ்டாண்டுக்காரர் சவுரிமுத்து தகர டோக்கனை நீட்டினார். பம்மல்காரர். ஒரு காலத்தில் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அது மூடியதும் இந்த ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவர். அவர் கண்ணில் படாமல் தாம்பரத்தில் யாரும் ரயில் ஏற முடியாது.

"சவுரி, ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லணும். நான் ஏன் தினமும் லேட்டா வரேன்?"

சவுரிமுத்து பீடியை எடுத்தவர் மறுபடியும் காதில் செருகிக்கொண்டார்.

"இன்னா சார், காலங்காத்தால எங்கிட்ட வந்து இத்த கேக்கற? ரயிலு லேட்டுன்னு ஆபீசுல எழுதிக் குடுப்பியாமே. ரயிலு இன்னா பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்கு வந்துகினு போய்கினு கீது. நீதான் சார் பேசிகினே நிப்ப."

"எங்க நிக்கறேன்?"

"இங்கயே கால் மணி. இப்பகூட பாரு, எட்டு அம்பது வண்டி ஊதிட்டான், நீ எங்கிட்ட நின்னுகினு கீற."

கிட்டு ஓடினார். கடைசிப் பெட்டியில் தொங்கிக்கொண்டு ஏறினார். பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பீரோவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பட்டாபிராமன் நிமிர்ந்து பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, குனிந்துகொண்டார். அந்தப் பார்வை கிட்டுவை நாள் முழுக்க உறுத்தியது.

புது வருடத்துக்கு ஒரு பெயிண்ட் கடையில் கொடுத்த டயரி வீட்டில் வெறுமனே கிடந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து சைக்கிளில் கால் ஊன்றிய இடத்தையெல்லாம் குறித்தார். முதல் நாள் பக்கம் இப்படி இருந்தது: பால் பூத்தில் பொன்னுசாமி, ரேஷன் கார்டில் முகவரி மாற்றம், ஒன்பது நிமிடம். தையல்கடை சரசுவுக்கு அவள் தம்பி துபாயிலிருந்து போட்ட கடிதத்துக்குப் பதில், பதினோரு நிமிடம். டீக்கடையில் முகம் தெரியாத ஒருவர், மின்சார மீட்டர் ஏன் வேகமாக ஓடுகிறது என்பது பற்றி, ஏழு நிமிடம். சைக்கிள் ஸ்டாண்ட், சவுரிமுத்து, பொது விஷயங்கள், எட்டு நிமிடம்.

மூன்று நாள் குறித்தார். நான்காவது நாள் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அவரை யாருமே நிறுத்தவில்லை. பொன்னுசாமி பால் பாக்கெட்டோடு நடந்துகொண்டிருந்தான். கிட்டுதான் பிரேக் பிடித்து, இடது காலை ஊன்றி, "என்னய்யா, அந்த கார்டு விஷயம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். சரசு தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். கிட்டுதான் மணி அடித்தார்.

அன்று ரயிலில் பல்லாவரம் தாண்டும்வரை டயரியைத் திறந்தே வைத்திருந்தார். இருபத்தோரு வருடமாக ஆபீசில் அவரை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. கேட்டதெல்லாம் பொய் விளக்கம்தான். கேம்ப் ரோட்டில் மட்டும்தான் நாலு பேர் "சார், நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வாங்கத்தான் தினமும் நாற்பது நிமிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படித் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. பக்கத்தில் நின்றவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

சனிக்கிழமை கோப்பை முடித்தார். ஒவ்வொரு விளக்கத்தையும் வேறு யாரோ எழுதியதுபோலப் படித்தார். எருமைக் கடிதத்துக்கு வந்தபோது பேனா தயங்கியது. எழுத்து நன்றாக இருந்தது. ஆனால் எருமை இல்லை. "ஏற்க இயலாது" என்று எழுதினார்.

அறுபத்தொன்றில் மூன்றை ஏற்றுக்கொண்டார். லோகநாயகிக்கு மஞ்சள்காமாலை வந்த நாள். அனகாபுத்தூரில் தங்கை வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்த நாள். குரோம்பேட்டையில் நிஜமாகவே மின்கம்பி அறுந்த நாள். மீதி ஐம்பத்தெட்டு. மூன்றுக்கு ஒரு நாள் வீதம் பத்தொன்பது நாள் விடுப்பைத் தன் கணக்கிலிருந்து தானே கழித்து, கீழே தானே கையெழுத்துப் போட்டார்.

"பத்தொன்பது நாளா?" என்றாள் லோகநாயகி. "அப்போ மே மாசம் குருவாயூர்?"

"அடுத்த மே."

"குருவாயூரப்பன்கிட்ட நீங்களே விளக்கம் எழுதிக் குடுத்துடுங்கோ. எருமையெல்லாம் வேண்டாம், அவர் மாடு மேய்ச்சவர், கண்டுபிடிச்சுடுவார்." சொல்லிவிட்டு உள்ளே போனவள், திரும்பி வந்து ஒரு தட்டில் சூடாக நாலு போண்டா வைத்தாள். "இது நிஜமா எழுதினதுக்கு."

*

பேச்சை நிறுத்த கிட்டுவுக்கு மனசில்லை. இடம் மாற்றினார். காலையில் யாரைப் பார்த்தாலும் கால் ஊன்றாமல், "சாயங்காலம் ஏழு மணி, சைக்கிள் ஸ்டாண்ட்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார்.

முதல் நாள் பொன்னுசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "சார் பெரிய ஆபீசர் ஆய்ட்டாரு, நின்னு பேசமாட்டாரு," என்று பால் பூத்தில் சொன்னான். டீக்கடையில் அது "கிட்டு சாருக்கு ஏதோ கோபம்" என்று ஆகி, தையல்கடைக்குப் போனபோது "கிட்டு சாருக்கு உடம்பு சரியில்லை" என்று ஆயிற்று. அன்று மாலை ஏழு மணிக்கு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்த ஆறு பேரில் மூன்று பேர் உடல்நலம் விசாரிக்க வந்தவர்கள்.

இரண்டாவது வாரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. யார் முதலில் வந்தது என்று சண்டை. சவுரிமுத்து உள்ளே போய்ச் சைக்கிள் டோக்கன்களில் ஒன்று முதல் பத்து வரை எடுத்து வந்தார்.

"ஒருத்தருக்கு ஒரு டோக்கன். நம்பர் பிரகாரம் போங்க. பத்துக்கு மேல இன்னிக்கி கெடியாது. சாரும் வூட்டுக்குப் போவணும்ல."

கிட்டு எட்டரை வண்டியைப் பிடித்தார். தினமும் ஒன்பது நாற்பதுக்கு பீரோவைத் திறந்தார். பட்டாபிராமன் இப்போது அவரைப் பார்த்ததும், "ஓய், இன்னிக்குமா?" என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வியில் கொஞ்சம் கவலை இருந்தது.

மார்ச் முப்பது வந்தது. வருடக் கணக்கு முடிக்கிற வேலை. கிட்டு ஆபீசை விட்டுக் கிளம்பும்போதே எட்டேகால். தாம்பரத்தில் இறங்கியபோது சைக்கிள் ஸ்டாண்டில் யாரும் இல்லை. அவருடைய சைக்கிள் மட்டும் நின்றது. சங்கிலியைத் தானே கழற்றிக்கொண்டு போனார்.

முப்பத்தொன்று காலை எட்டு பதினேழுக்கு ஸ்டாண்டில் நுழைந்தார். டோக்கன் கொடுக்கிற இடத்தில் சவுரிமுத்துவுடன் அவர் மகள் செல்வமேரி நின்றிருந்தாள். பத்தொன்பது வயது. கையில் ஒரு பழுப்பு உறை. அழுது முடித்த கண்.

"ஒண்ணுமில்ல சார், நீ போ, வண்டிக்கு நேரமாச்சு," என்றார் சவுரிமுத்து.

"என்னம்மா?" என்றார் கிட்டு. கால் ஊன்றியாகிவிட்டது.

"நர்சிங் டிரெய்னிங் அப்ளிகேஷன் சார். இன்னிக்கி பன்னெண்டு மணிக்குள்ள நேர்ல குடுக்கணும். நேத்து சாயங்காலம் உங்ககிட்ட காட்டலாம்னு ஏழுலேர்ந்து எட்டரை வரைக்கும் டோக்கன வச்சிகினு குந்தினு இருந்தேன்."

ஒன்றாம் நம்பர் டோக்கன் அவள் கையில் இன்னும் இருந்தது.

கிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விண்ணப்பம் முழுவதும் ஆங்கிலம். நாலு பக்கம். கடைசியில், நீ ஏன் நர்ஸாக விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தது. எட்டரை வண்டியை விட்டால் எட்டு ஐம்பது. ஒன்பது நாற்பத்திரண்டுக்குக் கடற்கரை. பத்துக்குள் போய்விடலாம், எல்லாம் சரியாக நடந்தால். இன்று கடைசி நாள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு குறி என்று காந்திமதி சொன்னதும் தெரியும். இதற்கு முன்பு ஐம்பத்தெட்டு தடவை தெரியாமல் கால் ஊன்றியிருக்கிறார். இந்தத் தடவை தெரிந்தே ஸ்டாண்டைப் போட்டார்.

"குடும்மா. பேனா இருக்கா?"

எட்டரை வண்டி ஊதிவிட்டுப் போயிற்று. கிட்டு நிமிரவில்லை. ஏன் நர்ஸாக வேண்டும் என்ற பக்கத்தை மட்டும் அவர் எழுதித் தரவில்லை. "அதை நீயே எழுது. உனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல. நான் எழுதினா அழகா இருக்கும், நிஜமா இருக்காது." அவள் எழுதினாள். இரண்டு எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினார். எட்டு நாற்பத்தேழு.

"சவுரி, ஸ்டாண்டை யார்கிட்டயாவது விட்டுட்டு நீயே நேர்ல கொண்டு குடு."

"சார், உன் வேல?"

"ரயில் ஓடும்."

*

எட்டு ஐம்பது வண்டியில் ஜன்னலோரம் பட்டாபிராமன் உட்கார்ந்திருந்தார். கிட்டுவுக்கு அவரை அந்த நேரத்தில் பார்த்தது ரயிலில் யானையைப் பார்த்ததுபோல இருந்தது.

"செங்கல்பட்டு பாசஞ்சர் இன்னிக்கு ஒரு மணி நேரம் லேட் ஓய்," என்றார் பட்டாபிராமன், அழாத குறையாக. "பத்தொன்பது வருஷத்துல இப்படி ஆனதில்லை. பத்துக்குள்ள போயிடுவோமா?"

"தாராளமா."

கிண்டி தாண்டியது. சைதாப்பேட்டைக்கு முன்னால் ரயில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மின்விசிறிகள் நின்றன. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மின்சாரம் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். ஜனங்கள் குதித்துத் தண்டவாளத்தோடு நடக்க ஆரம்பித்தார்கள்.

கிட்டு குதித்தார். பட்டாபிராமன் படியில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி, தரையைத் தேடினார். தரை கிடைக்கவில்லை.

"என்னை விட்டுட்டுப் போயிடும் ஓய். உம்ம நாற்காலி இன்னிக்கு ஆடறது. எனக்குத்தான் அதுல லாபம். நீர் என்னை இறக்கி விடறது உமக்கே நன்னா இருக்கா?"

"பேசாம தோளைப் பிடியும்."

இறக்கினார். இருவரும் சைதாப்பேட்டைவரை நடந்து, பஸ் பிடித்து, வியர்த்து வழிந்து ஆபீஸ் வாசலை மிதித்தபோது மணி பத்து முப்பத்தாறு.

உள்ளே ஒரு வேடிக்கை காத்திருந்தது. பதினான்கு பேரும் பூட்டிய இரும்பு பீரோவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பதிவேடு உள்ளே. சாவி கிட்டுவின் சட்டைப்பையில். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

"மேடம் கோட்டைல மீட்டிங் போயிருக்காங்க சார், பதினோரு மணிக்குத்தான் வருவாங்க," என்றான் பியூன் ரத்தினம். குரலைத் தாழ்த்தினான். "தொறந்து எல்லாருக்கும் பத்துன்னு போட்டுருங்க. உங்களுக்கும் போட்டுக்கங்க. யாருக்கு இன்னா தெரியப்போவுது?"

பதினான்கு தலைகள் ஆடின. பட்டாபிராமன் தலையும் ஆடியது. அதுதான் வேகமாக ஆடியது.

கிட்டு பீரோவைத் திறந்தார். நேரத்துக்கு வந்த பதினான்கு பேரையும் வரிசையாகக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, தன் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டு, பத்து முப்பத்தாறு என்று எழுதினார்.

"உமக்குப் போட்டுக்கொள்ளும்," என்றார் பட்டாபிராமன். "எனக்குமா?"

"நாம ரெண்டு பேரும் ஒரே பஸ்தானே?"

பட்டாபிராமன் தன் பெயருக்கு நேரே விழுந்த சிவப்புக் குறியைக் குனிந்து பார்த்தார். பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தொட்டுப் பார்க்கிற குழந்தைபோல, அன்று பலமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

*

காந்திமதி பதினொன்றே காலுக்கு வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். கிட்டுவைக் கூப்பிட்டார். விளக்கத்தைத் தயாராக வைத்திருந்தார் கிட்டு. நான்கே வரி.

"எட்டரை மணி வண்டியில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நேற்று மாலை ஒரு பெண்ணுக்குக் கொடுத்த நேரத்தை நான் காப்பாற்றாததால், இன்று காலை அவள் விண்ணப்பத்தை நிரப்ப நின்றேன். தெரிந்தேதான் நின்றேன்."

காந்திமதி தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

"சைதாப்பேட்டைல ஜனங்க தண்டவாளத்துல நடந்ததை நான் பஸ்லேர்ந்து பார்த்தேன். ரயில் நின்னுடுச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேனே."

"ரயில் நின்னது நிஜம் மேடம். ஆனா எட்டரை வண்டி நிக்கலை."

காந்திமதி தாளை மேஜைமேல் வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு ஃபாரம் போய்ச் சேர்ந்துடுச்சா?" என்று கேட்டார்.

"அவங்கப்பா கொண்டுபோயிருக்கார்."

"உங்க பழைய கோப்பைப் படிச்சேன். அந்த அம்பத்தெட்டுல பத்துப் பதினஞ்சையாவது நான் ஏத்துக்கிட்டிருப்பேன். எருமையை நிச்சயமா." முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு தெரிந்தது. "இதுல அலங்காரம் ஒண்ணுமே இல்லை. எழுத்து ரொம்ப சுமார்."

பேனாவைத் திறந்து, ஓரத்தில் "ஏற்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஏத்துக்கிட்ட தாமதம் குறி ஆகாது. அது விதி, என் தயவு இல்லை. ஆனா ஒரு உத்தரவு. பீரோவுக்கு இன்னொரு சாவி செய்யுங்க. அது பட்டாபிராமன்கிட்ட இருக்கட்டும். உங்களுக்கு இன்னொரு ஃபாரம் வராதுன்னு நான் எப்படி நம்பறது?"

ரிப்போர்ட்டில் யார் பெயர் என்று அவர் சொல்லவில்லை. கிட்டு அறை வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "திங்கட்கிழமை உங்க பேருக்கு போர்டு எழுத ஆள் வருவார், இனிஷியல் சரியாச் சொல்லிடுங்க," என்று மட்டும் குரல் வந்தது.

வெளியே பட்டாபிராமன் வெள்ளைத் தாளோடு காத்திருந்தார். தாளில் "ஐயா" என்று மட்டும் எழுதியிருந்தது.

"எப்படி ஓய் எழுதறது இது? பத்தொன்பது வருஷத்துல ஒண்ணுகூட எழுதினதில்லை. நீர்தான் இதுல புலி. போண்டா வாங்கித் தரேன், ஒண்ணு எழுதிக் குடும்."

"ஆபீஸ் நேரத்துல முடியாது," என்றார் கிட்டு. "சாயங்காலம் ஏழு மணி, தாம்பரம் சைக்கிள் ஸ்டாண்ட். உமக்கு வழிதானே?"

ஏழு மணிக்கு கிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செல்வமேரி, விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை நாலாவது தடவையாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். ஏழேகாலுக்குப் பட்டாபிராமன் மூச்சு வாங்க வந்து, நேரே பெஞ்சை நோக்கிப் போனார். சவுரிமுத்து குறுக்கே கையை நீட்டினார்.

"எங்க சார் பூந்து பூந்து போற? டோக்கன் வாங்கிக்க."

"நான் அவரோட ஆபீஸ்யா."

"ஆபீசுல நீ யாரா வேணா இரு. இங்க உன் நம்பரு ஏழு. முன்னாடி ஆறு பேரு கீறாங்க. நேரத்தோட வந்திருந்தா சீக்கிரமா போயிருக்கலாம்ல?"

பட்டாபிராமன் தகர டோக்கனை வாங்கிக்கொண்டு, பொன்னுசாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் இரண்டே இடங்களுக்குத்தான் தாமதமாகப் போயிருக்கிறார். இரண்டும் அன்றைக்கே நடந்துவிட்டன.